மாமியார் வீட்டிலிருந்து வெளியேறும் வழி

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் தனிப்பிறவி, அது யார் பேச்சையும் கேட்பதில்லை. உன் கழுத்துவலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா?

ஃபோனில் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான் காகிதம். நான் ஃபோனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "தம்பியா? பெரியவன் எப்படி இருக்கான்னு கேளு" என்கிறாள். அந்தப் பெரியவன் நீ இல்லை. நம் பெரியப்பா மகன் மைனர். பெற்றது இரண்டு இருக்க, அவளுக்கு அவன்தான் கண்ணுக்குக் கண்.

மைனரின் கம்பெனி 'அடியாழம்' வீடியோ விளையாட்டின் இரண்டாம் பாகத்தை அடுத்த மாதக் கடைசியில் வெளியிடுகிறது. விமர்சனத்துக்காக உன் பத்திரிகைக்கு முன்னாலேயே வந்துவிடும். நீ அதைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும். நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

முதல் பாகம் எப்படிப் பிறந்தது என்று உனக்குத் தெரியும். சுரங்கத்தில் ஒற்றை ஆள் இறங்குகிறான். செத்தால் மறுபடி வாசலிலிருந்து தொடக்கம், ஒவ்வொரு முறையும் உள்ளே பாதை மாறியிருக்கும். அந்தப் பாதைகளை மாற வைத்தது நான். திரும்பிப் பார்த்தால் தரை சரிந்து சாவு என்ற விதியும் நான் வைத்ததுதான். அதையே 'பின்வாங்காதே' என்று சட்டையில் அச்சடித்து விற்றான் மைனர். ஆட்டம் முடிந்ததும் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் அவன் டிரைவர் இருந்தார், தையல்காரர் இருந்தார், அவன் நாய் இருந்தது. நான் இல்லை. கேட்டேன். "குடும்பத்துக்குள்ள என்னம்மா பேரு?" என்றான். மறுபடி கேட்டேன். வேலை போனது.

இப்போது மற்றவர்களின் விளையாட்டுகளுக்குக் கூலிக்கு வரைபடம் போட்டுத் தரும் சின்னக் கம்பெனியில் இருக்கிறேன். அச்சகத்துக்கு மேல்மாடி, கீழே இயந்திரம் ஓடினால் என் காபி டம்ளர் மேசையில் தானாக நகரும். யாருக்கு வரைகிறோம் என்று வெளியே சொல்வதில்லை. போகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவுக்கு எழுதும்போது இதைப் பற்றி மூச்சு விடாதே.

அக்கா

*

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கழுத்தும் நலம். நாற்காலியை மாற்றவில்லை, ஒரு சக்கரம் போய்விட்டதால் இப்போது அது தானாகவே என்னை ஒரு பக்கம் சாய்த்து வைக்கிறது. வைத்தியம் இலவசம்.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. பெயர்ப் பட்டியலில் அந்த நாயைப் பார்த்த அன்று எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் அக்கா, விமர்சகன் கையில் இருப்பது பேனா, அரிவாள் இல்லை. மைனர் எனக்கு அண்ணன் முறை என்று எங்கள் ஆசிரியரம்மாவிடம் சொல்லிவிட்டேன். "உறவைக் கடைசி வரியில போட்டுட்டு உண்மைய எழுது. சொந்தக்காரன்னா அஞ்சு மார்க் கம்மியா போட்டாலும் தப்பு, அதிகமா போட்டாலும் தப்பு" என்றார்.

விளையாட்டு மோசமாக இருந்தால் தோலை உரிப்பேன். நன்றாக இருந்தால் அதையும் எழுதுவேன். இதைவிட அதிகமாக என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

அம்மாவின் முழங்காலுக்கு என் மரியாதையைச் சொல்.

உன் தம்பி

*

பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ சாப்பிடுகிறாயா, அல்லது கீபோர்டுக்குப் பக்கத்தில் பன்னை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறாயா?

உண்மையைத்தான் எழுதுவேன் என்கிறாய். எழுது ராஜா, எனக்கும் அதுதான் வேண்டும். விளையாட்டுப் பெட்டி வந்துவிட்டதா? முதல் இரண்டு தளங்களில் நேரத்தை வீணாக்காதே, அங்கே பழசைத்தான் துடைத்து வைத்திருக்கிறார்கள். பாதை எப்படி மாறினாலும் மூன்றாம் தளத்தில் இடப்பக்கம் ஒரு கூடம் வரும். அங்கே போ. பழைய ஆட்டக்காரன் எப்படி ஆடுவானோ அப்படியே ஆடு. நுழைந்ததும் சுவரைத் தட்டிப் பார். பிறகு எனக்கு எழுது. உனக்கு வருகிற கோபத்தை அப்படியே அச்சில் பார்க்க ஆசைப்படுகிறேன்.

அம்மாவுக்கு மாத்திரை மாற்றிவிட்டார் டாக்டர். பழைய டாக்டரே நல்லவர் என்கிறாள். அவர் இருந்தபோது அவருக்கு முந்தையவரே நல்லவர் என்றாள்.

சீக்கிரம் பதில் போடு.

அக்கா

*

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா?

தாமதத்துக்கு மன்னிக்கவும். என் விமர்சனத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ படித்திருப்பாய், இருந்தாலும் நானே அனுப்புவதுதான் முறை. 'பழைய கள், புதிய மொந்தை. ஆனால் மூன்றாம் தளத்துக் கூடம் ஒன்றுக்காக இதை வாங்கலாம். முதல் பாகத்தில் சுவரைத் தட்டிப் பிழைத்தோம். இங்கே தட்டியவன் தலையில் கூரை விழுகிறது. தட்டாமல் முன்னே நடந்தால் தரை விழுகிறது. கற்றதையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று ஒரு கூடம் சொல்வதை நான் இதுவரை கேட்டதில்லை.' இதில் எந்த வரியையும் மாற்ற மாட்டேன்.

நான் மட்டும் இல்லை. விளையாடிக்கொண்டே கத்துகிற அந்த வீடியோக்காரர் முதல் நாள், ஆட்டத்தை ஆட்டுவிக்கும் கைக்கருவியைச் சுவரில் அடித்து உடைத்தார். மறுநாள் புதுசு வாங்கிக்கொண்டு வந்து, கண் கலங்கி, "காவியம்" என்றார். தினசரியில் எழுதும் கண்ணாடிக்காரர் பணிவு பற்றி இரண்டு பத்தி எழுதிவிட்டார். அவர் பணிவை நேரில் பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆட்டக்காரர்கள் அந்தக் கூடத்துக்கு 'மாமியார் வீடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எது செய்தாலும் குற்றம். இதுவரை ஒருவரும் வெளியே வரவில்லை.

ஒரே ஒரு கேள்வி. விளையாட்டு வெளியானது பிப்ரவரி கடைசியில். நீ எழுதியது பதினான்காம் தேதி. அந்தக் கூடம் இடப்பக்கம் இருக்கிறது என்று உனக்கு யார் சொன்னார்கள்?

உன் தம்பி

*

மார்ச் 26

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய், உனக்கென்ன.

நீ என் தம்பியா, அவன் தம்பியா? 'காவியம்', 'பணிவு', 'கற்றதைக் கழற்றி வை'. படித்துவிட்டுக் காகிதத்தைக் கசக்கி எறிந்தேன். நான் வைத்தது விஷம்டா!

ஆமாம், கூடத்தைக் கட்டியது நான்தான். மைனரின் கம்பெனி மூன்றாம் தளத்தைக் கூலிக்குக் கொடுத்தது, அது சுற்றிச் சுற்றி எங்கள் மேல்மாடிக்கு வந்தது. யார் வரைகிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. கையெழுத்துப் போடுகிறவனுக்குப் படிக்கும் பழக்கம் கிடையாது. காகிதத்தில் அவன் கம்பெனி முத்திரையைப் பார்த்த அன்றே முடிவு செய்தேன். ஆட்டக்காரன் தன் முட்டாள்தனத்தால் சாகலாம், விளையாட்டு செய்கிற ஏமாற்றால் சாகக்கூடாது. இது என் தொழில் தர்மம். அதை வேண்டுமென்றே உடைத்தேன். முதல் பாகத்தை நேசித்த ஒவ்வொருவனும் அந்தக் கூடத்தில் ஏமாந்து, வெறுத்து, மைனரின் முகத்தில் காறித் துப்புவான் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் எல்லாரும் அவனுக்கு மாலை போட்டுவிட்டீர்கள்.

பத்திரிகையில் அவன் பேட்டியைப் பார்த்தாயா? "குளிச்சிக்கிட்டு இருந்தேன், அப்படியே தோணுச்சு" என்கிறான். அம்மா அந்தப் படத்தை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். பால் எடுக்கப் போனால் அவன் பல்.

அக்கா

*

ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் ரத்தக் கொதிப்பை அளந்து பார்த்தாயா? விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எழுதும்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. உலகத்தில் எல்லாரும் கதவை வலப்பக்கம் வைப்பார்கள். இடதுகைக்காரி நீ ஒருத்திதான் இடப்பக்கம் வைப்பாய். நம் வீட்டு அலமாரியைத் திறக்க இன்றைக்கும் நான் திணறுகிறேன்.

சொன்னால் கோபப்படாதே. உனக்கு விஷம் வைக்கத் தெரியவில்லை. கலக்கும்போது உப்பு, உறைப்பு எல்லாம் சரியாகப் போட்டுவிட்டாய். சாப்பிட்டவன் சாகாமல் இன்னொரு கரண்டி கேட்கிறான். இதில் என் தப்பு என்ன?

ஆனால் அந்தக் 'குளிச்சிக்கிட்டு இருந்தேன்' எனக்கும் பொறுக்கவில்லை. அதனால் கேள். ஜூன் முதல் வாரம் வீடியோ விளையாட்டுத் துறையின் ஆண்டு விருது விழா. மாமியார் வீட்டுக்காக மைனருக்கு விருது. மேடையில் அவனைப் பேட்டி காணப் போவது நான். கூடத்தை அவன்தான் கட்டினான் என்றால் வெளியே வரும் வழியும் அவனுக்குத் தெரியும்தானே? அத்தனை பேர் முன்னால் காட்டச் சொல்லப் போகிறேன். இது பொய் இல்லை, சதி இல்லை. நிருபர் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி.

வழி உண்டுதானே?

உன் தம்பி

*

ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று, பல நாளுக்குப் பிறகு, வயிறு நிறையச் சாப்பிட்டேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வழி உண்டு. உன்னிடமும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை உன்னை நம்பினேன், ஊர் முழுக்கப் பாராட்டு வாங்கிக் கொடுத்தாய் அவனுக்கு.

கேட்க வேண்டிய கேள்வியை இப்போதே அச்சில் கேட்டுவை. 'விருது விழாவில் மைனர் வழியைக் காட்டுவாரா?' என்று நாலு வரி போதும். அவன் வாய் சும்மா இருக்காது, காட்டுகிறேன் என்று சொல்லிவிடுவான். அதன் பிறகு தன் ஆட்களிடம் கேட்கவும் முடியாது. அவர்களிடமும் தானே கட்டியதாகத்தான் சொல்லி வைத்திருக்கிறான்.

நல்லெண்ணம் வேண்டாம், இரக்கம் வேண்டாம். எனக்கு அவன் தலைகுனிய வேண்டும், அவ்வளவுதான். நாற்காலியை மாற்று.

அக்கா

*

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். புது நாற்காலி வந்துவிட்டது. கழுத்து இப்போது இன்னொரு பக்கம் வலிக்கிறது.

நீ சொன்னபடியே நடந்தது. நாலு வரி எழுதினேன். மைனர் மறுநாளே, "நானே மேடையில ஆடிக் காட்டுறேன். பின்வாங்குற ஆள் நான் இல்ல" என்று அறிவித்துவிட்டான். அன்றே டிக்கெட் தீர்ந்துவிட்டது.

இன்னொரு செய்தி. அவன் உங்கள் கம்பெனிக்கு ரகசியமாக ஃபோன் செய்து, கூடத்தை வரைந்தது யார் என்று விசாரிக்கிறானாம். கவனமாக இரு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

மே 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொண்டு படி.

மைனர் நேற்று வீட்டுக்கே வந்தான். அந்தச் சட்டையோடு. அம்மாவுக்கு முழங்கால் எங்கே போனதோ தெரியவில்லை, ஓடினாள் வாசலுக்கு. "வாடா கண்ணா, இளைச்சுப் போயிட்டியே!" போன வருஷத்தைவிட ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறான். அம்மா காபி போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினான்.

"மாமியார் வீட்ட வரைஞ்சது நீதான்னு சொன்னாங்க."

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"குடும்பத்துக்குள்ள என்ன பேரு?"

முகம் சிவந்தது. ஆனாலும் காரியம் ஆக வேண்டுமே, சிரித்தான். "சரி, நடந்தத விடு. வழிய சொல்லு. மேடையில உன் பேர நானே சொல்றேன்."

தம்பி, பொய் சொல்லத்தான் நினைத்திருந்தேன். இரண்டு பொய்கள் தயாராகவும் வைத்திருந்தேன். அவன் ஃபிரிட்ஜில் இருந்த தன் படத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். அதைப் பார்த்ததும் எனக்கு வேறு யோசனை வந்தது. உண்மையைச் சொன்னேன்.

"உள்ள நுழைஞ்சதும் திரும்பிடு. ஒரு அடிகூட எடுத்து வைக்காதே, சுவத்தத் தொடாதே. வந்த பக்கமே திரும்பினா கதவு திறக்கும். ஒரு அடி வச்சிட்டாலும் போச்சு."

என்னையே பார்த்தான். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "திரும்பினா சாவுன்னு பச்சைப்புள்ளைக்கும் தெரியும். அத சட்டையில போட்டு வித்தவன் நான். அத்தனை பேர் முன்னாடி என்னை முட்டாளாக்கணும், அதானே?"

"வீட்டுக்குப் போய் ஒரு தடவ ஆடிப் பாரேன்."

"உன் புத்தி எனக்குத் தெரியாதா? அதுக்கு வேற ஆளப் பாரு."

நான் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அவன் காபியைப் பாதி குடித்துவிட்டு எழுந்தான். போகும்போது அம்மாவிடம், "சித்தி, விழாவுக்கு நீங்க வரணும். முன் வரிசையில உங்களுக்கு சீட்டு" என்றான். என்னை அழைக்கவில்லை.

அவன் போனதிலிருந்து ஒரே கவலை. ஒருவேளை நம்பிவிட்டானோ, வீட்டில் போய்ச் சோதித்துப் பார்த்துவிட்டானோ என்று. பார்த்துவிட்டால் எல்லாம் போச்சு. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை மட்டும் உனக்கும் எழுத மாட்டேன்.

அம்மாவை ரயிலடியில் கூப்பிட்டுக்கொள். மாத்திரை கைப்பையில் இருக்கிறது.

அக்கா

*

ஜூன் 5

என் அக்காவுக்கு,

அம்மா நலம். நான் நலம். மைனர் நலமில்லை.

நீ வராதது எனக்கு வருத்தம், அதனால் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். பெரிய அரங்கு, மேடைக்குப் பின்னால் சுவர் அளவுக்குத் திரை. முன் வரிசையில் அம்மா, மடியில் கைப்பை. விருதை வாங்கிக்கொண்டு மைனர் குளியலறைக் கதையை மறுபடி சொன்னான். விழாவுக்காக ஆட்டம் கூடத்து வாசலிலிருந்தே தொடங்கும்படி வைத்திருந்தார்கள். நான் கைக்கருவியை நீட்டினேன். "காட்டுங்க அண்ணா."

கூடத்துக்குள் நுழைந்தான். பழக்க தோஷம், கை தானாகச் சுவரைத் தட்டியது. கூரை விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். இரண்டாம் முறை ஓடிப் பார்த்தான், தரை விழுந்தது. இந்தத் தடவை அவன் மட்டும் சிரித்தான். மூன்றாம் முறை நுழைந்ததும் நின்றான். விரல் திரும்பும் பொத்தானுக்குப் போனது, அக்கா. சத்தியமாகப் பார்த்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தான். விரலை எடுத்துவிட்டு முன்னே ஓரடி வைத்தான். முடிந்தது.

அப்போதுதான் அந்தப் புத்திசாலி ஒரு காரியம் செய்தான். சிரித்து மழுப்ப வேண்டுமே! "என் சித்தி வந்திருக்காங்க. வாழ்க்கையில இதத் தொட்டதே இல்ல. அவங்க எப்படி மாட்டிக்கிறாங்க பாருங்க" என்று அம்மாவை அவனே கைபிடித்து மேடையேற்றினான். தாயின் மேல் சத்தியம், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்மா எந்தப் பொத்தான் என்னவென்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள். கூடத்துக்குள் நுழைந்தாள். இருட்டு. "ஐயோ, என்னடா இது! நான் வரல, நான் போறேன்" என்று அந்த நொடியே திரும்பிவிட்டாள்.

கதவு திறந்தது.

கதவுக்கு அப்பால் ஒரு நடை, நடையின் முடிவில் ஒரு கல் சுவர், சுவரில் விரிசல்கள். ஒளி ஏற ஏற அந்த விரிசல்கள் எழுத்தாயின. அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மைக்குக்கு முன்னால், ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். உன் பெயர். அதன் கீழே, 'முதல் பாகமும் இதுவும் கட்டியவள்.'

"டேய், இது நம்ம வீட்டுப் பொண்ணு பேரு! இங்க எப்படி வந்துச்சு?" என்று மைனரைத்தான் கேட்டாள்.

அரங்கமே எழுந்து நின்று கத்தியது. அந்தச் சத்தத்தில் அவன் எந்தப் பக்கமாக இறங்கிப் போனான் என்று யாரும் கவனிக்கவில்லை. விருதை மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

இதை எத்தனை மாதமாக மனசில் வைத்திருந்தாய்? உன்னைப் பார்த்தால் இனி பயமாக இருக்கும் போலிருக்கிறது. அம்மாவை ஞாயிறன்று ரயிலேற்றுகிறேன்.

உன் தம்பி

*

ஜூன் 13

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா சௌக்கியமாக வந்து சேர்ந்தாள். தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. நானும் சௌக்கியம். சௌக்கியத்துக்கு என்ன குறை?

மறுநாளே கம்பெனி அந்தக் கதவை அடைத்துவிட்டது. அடைக்கட்டும். படம் எடுக்காத ஆள் ஒருவரும் இல்லை. கண்ணாடிக்காரர் இப்போது என்னைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருக்கிறார், மறுபடி பணிவு என்கிறார். எனக்கு அது ஒரு துளியும் கிடையாது என்று அவரிடம் யாராவது சொல்லுங்கள். விஷம் வைத்த அன்றே என் பெயரையும் வைத்தேன். விளையாட்டு நாறிப்போய், கடைசி ஆள் வழியைக் கண்டுபிடிக்கும்போது, இதை நாறடித்தவள் யார் என்று தெரிய வேண்டும் என்பதுதான் என் ஆசை. பாராட்டுக்கு வைத்த பெயர் இல்லை அது.

ஃபிரிட்ஜிலிருந்து அவன் படத்தை அம்மா எடுக்கவில்லை. பக்கத்தில் என் படத்தை ஒட்டியிருக்கிறாள், அவன் பல் பாதி மறைகிற மாதிரி. "அவனும் நம்ம புள்ளதானே, பாவம்" என்றாள். பாவம்தான் என்றேன்.

நேற்று அவன் ஃபோன் செய்தான். திட்டுவான் என்று தயாராக இருந்தேன். ஒன்று மட்டும்தான் கேட்டான்.

"அன்னைக்கு வீட்ல நீ சொன்னது... உண்மையாவே அதான் வழியா?"

"ஆமாண்ணா. நம்பி ஒரு தடவ ஆடிப் பாத்திருந்தா அன்னைக்கே என் பேர அழிச்சிருக்கலாம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நானும் வைக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவன்தான் வைத்தான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், போய் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா